பின்னால் வருகிறவளுக்காகப் பிடித்த கதவு

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. அந்த விளக்கைத் தணித்து வையுங்கள். அணைக்க வேண்டாம், தணித்தால் போதும். கம்பளியை நடுவில் போட்டால் எல்லோர் காலுக்கும் எட்டும். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இன்றைக்கு உங்களுக்கு ஒன்று சொல்லப்போகிறேன். நான் கண்ணால் பார்த்தது இல்லை. என் சிநேகிதி டோரீன் இருக்கிறாளே, ரொட்டிக் கடைக்கு எதிர்வீடு, அவளுடைய தாய்மாமன் மனைவி மேவிஸுக்கு நடந்தது. டோரீனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது இரண்டும் சிவந்துவிடும். இதைச் சொன்னபோது அவள் காது வெளுத்துப்போய்த்தான் இருந்தது.

டிசம்பர் மாதம். மாலை மூன்றே முக்கால் மணி. நம் ஊர்ப்பக்கம் டிசம்பரில் அந்த நேரத்துக்கு என்ன வெளிச்சம் இருக்கும்? பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம்... அவ்வளவுதான். கிரான்ஸ்மியர் ஊரிலிருந்து கல்குவாரிக்குப் போகும் மண்பாதை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் புதர்வேலி. வண்டி கிடையாது. ஆள் கிடையாது. உலகச் சண்டை முடிந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. மிட்டாய்க்கு இருந்த ரேஷனை அந்த வருஷம்தான் எடுத்திருந்தார்கள்.

அந்தப் பாதையோரம் எரிந்துபோன பழைய மாளிகை ஒன்று உண்டு. அங்கேதான் மேவிஸ் தன் மகள் ஐவியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் செருகுகிற முள்ளிலைக் கொப்பு, அதுவும் சிவப்புப் பழம் அப்பிக்கிடக்கிற கொப்பு, சுற்று வட்டாரத்தில் அந்த மாளிகைக்குள்தான் கிடைக்கும். ஐவிக்கு ஐந்து வயது. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் மேவிஸுக்குத் தங்கவில்லை. ஆகையால் ஐவி தும்மினால்கூட மேவிஸுக்கு நெஞ்சு நின்று ஓடும்.

மேவிஸ் இந்த ஊர்க்காரி இல்லை. ஷ்ரூஸ்பரி பட்டணத்துப் பெண். பதினாலு வயதில் அங்கே ஒரு பெரிய வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, எட்டு வருஷம் அடுப்புத் துடைத்து, படி துடைத்து, பிறகு பெர்சியைக் கல்யாணம் செய்துகொண்டவள். பெர்சியின் அப்பா இறந்த பிறகு, அந்த இலையுதிர்காலத்தில்தான் மாமியார் ஹன்னாவோடு வந்து இருந்தார்கள். வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஊர் வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்?

மாளிகைக்குக் கூரை இல்லை. மாடித் தளங்கள் இல்லை. சுவர்கள் மட்டும் நின்றன. ஒரே சுவரில், ஒன்றன்மேல் ஒன்றாக, மூன்று கணப்பு அடுப்புகள் அந்தரத்தில் வாயைத் திறந்துகொண்டிருந்தன. மேல் அடுப்பில் காகம் கூடு கட்டியிருந்தது. கீழே கூடத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, விரிசலில் எல்லாம் பாசி. நடுவில் ஒரு கல் படிக்கட்டு. ஏழு படி ஏறும். எட்டாவது படி இல்லை... வானம்தான்.

மேவிஸ் கை நிறையக் கொப்பு வெட்டிக்கொண்டாள். ஐவி அவள் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் திரும்பினார்கள்.

மதில் சுவரில் ஓர் இரும்புக் கதவு. அதைத் தாண்டினால் பாதை. மேவிஸ் முழங்கையால் கதவைத் தள்ளினாள். அப்போது பின்னால் சத்தம்.

சரக்... சரக்... உறைந்த சருகின்மேல் காலடி. இரண்டு எட்டுத் தள்ளி.

ஊர்ப் பெண் யாரோ கொப்பு வெட்ட வந்திருப்பாள் என்று நினைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கையில் அவ்வளவு முள். ஆனால் கதவை விடவும் இல்லை. நம் ஆட்கள் பின்னால் வருகிறவர் முகத்தில் கதவை அடிப்பார்களா? தெருக்கோடியில் வந்தால்கூடப் பிடித்துக்கொண்டு நிற்போம். வருகிறவர்தான் பாவம், நமக்காக ஓடி வரவேண்டியிருக்கும். அப்படித்தான் மேவிஸும் முதுகால் கதவை அணைத்துப் பிடித்தபடி சொன்னாள்:

"வாங்க, வாங்க. மெதுவா வாங்க."

முதுகிலிருந்து கதவின் பாரம் மெல்ல இறங்கியது. அடுத்தவர் கை நீட்டி வாங்கிக்கொண்டால் இறங்குமே, அப்படி. பிறகு கொண்டி விழும் சத்தம். 'ணங்' என்று இல்லை. 'க்ளிக்'... அவ்வளவு மெதுவாக. சத்தமில்லாமல் கதவு மூடப் பழகிய கை.

"என்ன குளிரு இன்னைக்கு!" என்றாள் மேவிஸ், நடந்துகொண்டே.

"யார்கிட்டம்மா பேசற?" என்றாள் ஐவி.

மேவிஸ் திரும்பினாள். கதவு மூடியிருந்தது. பாதையில் ஒருவரும் இல்லை. ஒரு வாடை மட்டும் வந்தது. கஞ்சி போட்ட துணியை இஸ்திரிப் பெட்டி கருக்கிவிட்டால் வருமே... அந்த வாடை.

வீட்டு வாசலில் பெர்சி காலுறையோடு நின்றிருந்தான். "வாங்க மகாராணி! பாதிக் காட்டையே வெட்டிட்டீங்க போல. அந்தக் காகத்துக்காவது எதையாவது மிச்சம் வெச்சியா?" என்று கதவைத் திறந்து பிடித்தான். மேவிஸ் உள்ளே போனாள். ஐவி உள்ளே போனாள். பெர்சி இன்னும் பிடித்துக்கொண்டே நின்றான்.

"குளிரை உள்ள விடாத பெர்சி. யாருக்குப் பிடிச்சுக்கிட்டு நிக்கற?"

"உன் பின்னாடி ஒருத்தி வந்தாளே... தலையக் குனிஞ்சுக்கிட்டு..." பெர்சி வாசலைப் பார்த்தான். பிடரியைச் சொறிந்தான். "நிழல் போல" என்று கதவை மூடினான்.

அடுக்களையில் ஹன்னா கிறிஸ்துமஸ் புட்டிங்குக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். அவள் கைக்கரண்டி நின்றுவிட்டது.

"எந்த வழியா வந்த?"

"மாளிகை வழியாத்தான் அத்தை."

"இரும்புக் கதவ யாருக்காவது பிடிச்சியா?"

"பிடிச்சா என்ன? பின்னாடி ஆள் வந்தா மரியாதைக்குப் பிடிக்க மாட்டாங்களா?"

"மரியாதையாம் மரியாதை! அந்தக் கதவ இந்த ஊர்ல பாதிரியார்கூட யாருக்கும் பிடிக்க மாட்டார். அவங்கவங்க திறந்து, அவங்கவங்க மூடிக்கணும்."

"ஏன்?"

"ஏன்னு நாங்க யாரும் கேட்டதில்ல. நீதான் கேக்கற."

"அம்மா என் மூஞ்சிலயே அடிச்சிருக்கு அந்தக் கதவ" என்றான் பெர்சி. "எட்டு வயசுல. மூக்கு இவ்ளோ பெருசா வீங்கிப்போச்சு."

"வீங்கின மூக்கோட வீட்டுக்கு வந்து சேர்ந்த இல்ல?" என்றாள் ஹன்னா. அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மேவிஸ் கீழே இறங்கி வந்தபோது கணப்பில் சாம்பல் அள்ளியாகிவிட்டது. புதுக் கரி அடுக்கியிருந்தது. 'அத்தைக்கு நம்மேல் இவ்வளவு பிரியமா' என்று அவளுக்கு மனசு குளிர்ந்தது. ஹன்னா இறங்கி வந்தாள். அவளும் பார்த்தாள். 'பட்டணத்துக்காரி பரவாயில்லையே' என்று நினைத்தாள். இரண்டு நாள் அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் கொஞ்சிக்கொண்டதைப் பார்த்து, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பெர்சிக்கே பயம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை இருவரும் ஒன்றாக இறங்கினார்கள். வேலை முடிந்திருந்தது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மேவிஸ் கணப்பின் முன் மண்டியிட்டாள். சுள்ளிகள் குறுக்கும் நெடுக்குமாக நான்கு அடுக்கு. அடியில் பழைய காகிதம், முறுக்கி, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு. அந்த முடிச்சை அவளுக்குத் தெரியும். பெரிய வீட்டு வேலைக்காரிகள் போடுவது. பதினாலு வயதில் விரல் கன்றிப்போக அவளும் கற்றுக்கொண்டது. காகிதத்திலிருந்து அந்த வாடை வந்தது. கருகிய கஞ்சி.

அன்றிலிருந்து கவனித்தாள். அது கதவைத் தானாகத் திறப்பதில்லை. தள்ளுவதில்லை. மூடிய கதவுக்கு வெளியே நிற்கும். யாராவது திறந்து ஒரு நொடி கூடப் பிடித்தால்தான் உள்ளே வரும். நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள்... மேவிஸுக்குப் புரிந்தது. எனவே ஒவ்வொரு கதவையும் தன் பின்னாலேயே சட்டென்று மூடினாள். பெர்சியிடமும் சொன்னாள். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே! அன்று ராத்திரி மகளுக்கு முத்தம் கொடுக்க மாடிக்குப் போன பெர்சி, பின்னால் மேவிஸ் வருகிறாள் என்று நினைத்து, குழந்தையின் அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேவிஸ் அடுக்களையில் இருந்தாள்.

காலையில் ஐவி கவுன் போட்டு, முதுகுப் பொத்தான் எல்லாம் போட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தலை பின்னியிருந்தது. கண் இரண்டும் மேலே இழுபடுகிற அளவுக்கு இறுக்கமாக. முடி வேரில் எல்லாம் சிவப்பு.

"யாருடி பின்னினது?"

"நீதான்" என்றாள் ஐவி. "உன் கை ஏம்மா அவ்ளோ சூடா இருந்துச்சு?"

அன்று மத்தியானம் காய்ச்சல் வந்தது. சாயங்காலத்துக்குள் தொட்டால் கை பொறுக்கவில்லை. இருமினாள். துப்பினதில் கரி. வைத்தியர் சைக்கிளில் வந்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், புகைக்கூண்டு அடைத்திருக்கிறதா என்று கேட்டார். அடைக்கவில்லை. அவர் தன் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நாள் இப்படியே இருந்தா..." என்றார்.

மேவிஸ் அழவில்லை. ஹன்னாவை அடுக்களையில் உட்காரவைத்து, எதிரில் நின்றுகொண்டாள். "இப்போ சொல்லுங்க அத்தை. ஏன்னு யாரும் கேட்டதில்லன்னு என்கிட்ட சொல்லாதீங்க."

ஹன்னா வெகுநேரம் கைத்துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"எனக்குப் பதினேழு வயசு. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். மாளிகைக்காரரும் அந்தம்மாவும் விருந்துக்குப் போனாங்க. 'நாங்க வந்து போகச் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் நகரக் கூடாது'ன்னு வேலையாட்களுக்கு உத்தரவு. பனி கொட்டிடுச்சு. வண்டி வரல. அவங்க அங்கேயே படுத்துத் தூங்கிட்டாங்க..." துண்டு நின்றது. "நெருப்பு எப்படிப் பிடிச்சதுன்னு தெரியாது. ஊரே ஓடினோம். வாசக்கதவு திறந்துதான் கிடந்துது மேவிஸ். பூட்டல. அதான் என்னால இன்னைக்கும் தாங்க முடியல. திறந்து கிடந்த கதவு வழியா ஒருத்தர்கூட வெளிய வரல. எங்க அக்கா லெட்டி அங்கதான் வேலை பார்த்தா."

மேவிஸுக்கு அது புரிந்தது. நமக்குப் புரியாது, அவளுக்குப் புரிந்தது. ராத்திரி ஒரு மணிக்கு, பாதம் மரத்துப்போய், சுவரோரம் அவளும் நின்றிருக்கிறாள். எஜமானி கையுறையைக் கழற்றி, கொட்டாவி விட்டு, 'போதும், நீ போகலாம்' என்று சொல்லும்வரை. அந்தச் சொல் வராமல் கால் நகராது.

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றாள்.

"நீ யாரு சொல்றதுக்கு? நீ என்ன எஜமானியா?"

"என் அடுப்ப அவ துடைக்கறா. என் பிள்ளைக்குத் தலை பின்றா. அப்போ நான்தானே எஜமானி?"

ஹன்னா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்து போய், கோயிலுக்குப் போட்டுப்போகும் தன் கறுப்புத் தொப்பியையும் கையுறையையும் எடுத்து வந்தாள். "இதப் போட்டுக்கோ. அந்தத் தலைத்துண்டோட போய் நின்னா முட்டை விக்க வந்தவன்னு நினைச்சுக்குவா."

"ஐவி கைய விடாதீங்க அத்தை."

"விட மாட்டேன்."

குழந்தையின் அறையில் இருந்துதான் கிளம்ப வேண்டும். மேவிஸ் அந்தக் கதவைத் திறந்தாள். நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, "வா" என்றாள். கதவைப் பிடித்தாள். ஒன்று... இரண்டு... மூன்று. கருகல் வாடை அவளைக் கடந்தது. வந்துவிட்டதா? நிச்சயமாக வந்துவிட்டதா? பாதியில் விட்டால் என்ன செய்வது? இன்னும் மூன்று எண்ணினாள். பிறகுதான் மூடினாள். வாசல் கதவிலும் அப்படியே ஆறு எண்ணினாள். பெர்சி குவாரியில் இருந்தான். பாதையில் மூடுபனி. பின்னால், இரண்டு எட்டுத் தள்ளி... சரக், சரக். இரும்புக் கதவிலும் ஆறு.

மாளிகைக் கூடத்துக்குள் போய், கட்டம் போட்ட தரையின் நடுவில், கணப்பைப் பார்த்தபடி நின்றாள். எஜமானிகள் வேலைக்காரியின் முகத்தைப் பார்ப்பதில்லை. எட்டு வருஷத்தில் தன் முகத்தை எத்தனை தடவை பார்த்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"போதும். நீ போகலாம்."

சத்தமே இல்லை. காகம்கூட இல்லை.

பிறகு காலடி நகர்ந்தது. அவளைக் கடந்து, கிழக்குச் சுவர் பக்கம். அங்கே வாசல் எதுவும் கிடையாது. சுவர் வரைக்கும் போயிற்று... நின்றுபோயிற்று. வாடையும் போயிற்று. வெறும் பனி வாசனை, பாசி வாசனை. முடிந்தது என்று நினைத்தாள் மேவிஸ். கையுறையை மாட்டிக்கொண்டாள்.

மேலே ஒரு பலகை முனகியது.

மேலே பலகை ஏது? வானம்தானே இருக்கிறது?

படிக்கட்டில் யாரோ இறங்கினார்கள். ஏழாவது படிக்கும் மேலே, படியே இல்லாத இடத்திலிருந்து. கனமான பூட்ஸ். டக்... டக்... டக்... கூடத்துக்கு வந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. காத்திருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. மெல்லிய செருப்பு. அதற்குப் பின்னால் இன்னொன்று. வரிசையாக...

அவர்களும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள், கண்ணுகளா. ஒருத்தியை மட்டும் போகச் சொன்னால் எப்படி?

மேவிஸ் சொன்னாள். "போதும். நீ போகலாம்." பூட்ஸ் போயிற்று. "போதும். நீ போகலாம்." செருப்பு போயிற்று. ஒரு காலடி இடது காலை இழுத்துக்கொண்டு வந்தது, இழுத்துக்கொண்டு போயிற்று. ஆணி அடித்த பூட்ஸ். மரச் செருப்பு. எண்ணிக்கொண்டே வந்தாள். எண்ணாமல் இருந்தால் அலறியிருப்பாள். தொண்டை வறண்டு குரல் தேய்ந்துவிட்டது. இருட்டு முழங்கால் வரை ஏறிவிட்டது. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று.

படிக்கட்டு அமைதியாயிற்று.

அப்புறம் ஒன்று வந்தது. படிக்கட்டிலிருந்து இல்லை. வாசல் பக்கமிருந்து. செருப்பில்லாத கால். ரொம்ப லேசு. பொத்... பொத்... என்று ஓடிவந்து, அவள் பக்கத்தில் நின்றது. அவள் கோட்டு நுனி ஆடுகிற அளவுக்குக் கிட்டே.

சமையலறையில் தட்டுக் கழுவும் சிறுமியாக இருக்கும் என்று நினைத்தாள். நம் பெரிய வீடுகளில்தான் சின்னஞ்சிறுசுகளை எல்லாம் வேலைக்கு எடுத்துவிடுவார்களே. பாவம், குளிரில் செருப்புக்கூடக் கொடுக்கவில்லையே என்று பரிதாபப்பட்டாள். திரும்பிப் பார்க்கத் தோன்றியது. எஜமானிகள் பார்ப்பதில்லை. பார்க்கவில்லை.

"போதும் கண்ணு. நீயும் போகலாம்."

அது போகவில்லை. புரியாதது மாதிரி நின்றது.

"போகலாம்னு சொன்னேன் இல்ல? போ."

கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு போயிற்று. மெதுவாக. நின்று நின்று. அதே சுவர் பக்கம்.

மேவிஸ் வீட்டுக்கு ஓடினாள். வாசலிலேயே ஹன்னாவின் குரல் மாடியிலிருந்து கேட்டது: "வேர்த்துக் கொட்டிடுச்சு மேவிஸ்! காய்ச்சல் இறங்கிடுச்சு! தூங்கறா பாரு, தூங்கறா!" மேவிஸ் இரண்டிரண்டு படியாக ஏறினாள். ஐவியின் நெற்றி ஈரமாக, குளிர்ந்து, ரோஜா நிறத்தில் இருந்தது. மூச்சில் கரகரப்பு இல்லை. மேவிஸ் கட்டிலோரம் சரிந்து உட்கார்ந்து அப்போதுதான் அழுதாள். ஹன்னா ஒரு கையால் ஐவியின் கையைப் பிடித்தபடியே மறு கையால் மருமகள் முதுகைத் தடவினாள்.

"அத்தை... உங்க அக்கா எப்படி நடப்பாங்க?"

ஹன்னாவின் கை நின்றது. "இடது கால் கொஞ்சம் இழுக்கும். சின்ன வயசுல வண்டி ஏறிடுச்சு."

"அவங்களும் போயிட்டாங்க. நான் சொன்னேன். போயிட்டாங்க."

ஹன்னா தொப்பியில்லாத மருமகள் தலையில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அப்படி ஒரு காட்சியை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. பிறகு கேட்டாள்:

"எல்லாரும் போயாச்சா? பதிமூணு பேரும்?"

"பதிமூணு பேர் படியில... இல்ல. மொதல்ல நம்ம வீட்டுக்கு வந்தவ ஒண்ணு. படியில இறங்கினது பன்னெண்டு. ஆமா, பதிமூணு. அப்புறம் அந்தச் சின்னப் பொண்ணு. மொத்தம் பதினாலு."

"எந்தச் சின்னப் பொண்ணு?"

"செருப்புகூட இல்லாம ஒண்ணு வந்துச்சே..."

"அங்க சின்னப் பிள்ளைங்க யாரும் இல்ல மேவிஸ்" என்றாள் ஹன்னா. "கோயில் சுவர்ல செத்தவங்க பேர் வெட்டின கல்லு இருக்கு. பதிமூணு பேருதான். எல்லாரையும் எனக்குத் தெரியும். லெட்டிதான் எல்லாருக்கும் சின்னவ. அவளுக்கே பத்தொம்பது."

மேவிஸ் ஹன்னாவைப் பார்த்தாள். ஹன்னா மேவிஸைப் பார்த்தாள். பிறகு மேவிஸ் மெல்ல, ரொம்ப மெல்ல, கட்டிலின் கால்மாட்டில் போர்வையைத் தூக்கினாள்.

ஐவியின் உள்ளங்கால் இரண்டும் ஐஸ் மாதிரி இருந்தன. சேறு. விரல் இடுக்கில் பச்சைப் பாசி.

"நான் கைய விடவே இல்ல" என்றாள் ஹன்னா. "சத்தியமா மேவிஸ். ஒரு நொடிகூட விடல. அவ எழுந்திருக்கவே இல்ல."

ஐவி பிழைத்துக்கொண்டாள். மறுநாள் ரொட்டி கேட்டாள். அதற்கு மறுநாள் மேவிஸ் அடுக்களையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தவள் சும்மா திரும்பினாள். ஐவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். மேவிஸ் கையிலிருந்த குவளை விழுந்து உடைந்தது. அந்த வீட்டு மரப்படிகள் பூனை இறங்கினால்கூட முனகும். ஐவி இறங்கி வந்திருக்கிறாள். ஒரு சத்தம் இல்லை.

செருப்புத் தைக்கிறவரிடம் போய் ஐவியின் பூட்ஸுக்கு இரும்பு லாடம் அடித்து வந்தாள் மேவிஸ். ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் எல்லோரும் போன பிறகு, கல் தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடச் சொன்னாள். ஐவி ஓடினாள். சிரித்துக்கொண்டே ஓடினாள். சிரிப்பு மட்டும் எதிரொலித்தது. கால்... இல்லை. பனி பெய்தால் அவள் தடம் விழும். நொறுங்குகிற சத்தம் வராது. ஊரும் பழகிக்கொண்டது. "ஏ ஐவி, வர்றப்ப பாடிக்கிட்டு வாடி, உயிரே போயிடுது" என்பார்கள். அவளும் பாடிக்கொண்டே வருவாள்.

மேவிஸ் அதற்குப் பிறகு தன் ஆயுசில் ஐவியைப் பார்த்து 'போ' என்று சொன்னதே இல்லையாம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போதுகூட, "வந்துடு" என்பாளாம். அவ்வளவுதான்.

நாற்பத்தைந்து வருஷம் ஓடியது. ஹன்னா போனாள், பெர்சி போனான். கடைசியில் மேவிஸும் படுத்தாள், அதே வீட்டில், மாடியில். ஐவி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பது வயதுக்காரி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நம் டோரீன் ஜன்னல் பக்கம் இருந்தாள். நல்ல வெயில். ஏப்ரல் மாதம். கீழே வாசல் கதவு காற்றுக்காகத் திறந்து கிடந்தது, அறைக்கதவு மட்டும் சாத்தியிருந்தது.

கீழே படி முனகியது.

பொத், பொத், பொத், பொத்... வெறுங்கால். சின்னக் கால். ஓடி வந்தது. படியெல்லாம் ஏறி, மாடி நடையைத் தாண்டி, கதவுக்கு வெளியே வந்து நின்றது.

மேவிஸ் மூன்று நாளாகத் திறக்காத கண்ணைத் திறந்தாள். "வந்துட்டியா" என்றாள்.

ஐவி அம்மாவின் கையை விட்டுவிட்டாள். தன் கால் இரண்டையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு கதவையே பார்த்தாள்.

'நான் எழுந்து போய்த் திறந்திருக்கலாம். மூணே எட்டு' என்று டோரீன் என்னிடம் சொன்னாள். அவள் எழுந்திருக்கவில்லை. ஐவியும் எழுந்திருக்கவில்லை. மேவிஸ் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்து, பார்த்துக்கொண்டே போய்விட்டாள்.

அதற்கப்புறமும் வெகுநேரம் அது வெளியே நின்றதாம். மூச்சு கேட்டதாம்... வெகுதூரம் ஓடிவந்த குழந்தைக்கு இரைக்குமே, அந்த மாதிரி.

அவ்வளவுதான் கண்ணுகளா. எல்லோரும் வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் படியில் தடதடவென்று ஏறி இறங்கி, அந்த இரைச்சலில் நீங்கள் காதைப் பொத்திக்கொள்கிற பாக்கியம் உங்களுக்கு வேண்டிய மட்டும் கிடைக்கட்டும்.